நம் வழியாகப் பிறர் பாவத்தில் விழலாமா?

எல்லாப் புகழும் அல்லாஹ் தஆலாவுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் இனிய நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அன்புச் சகோதரர்களே! வடசென்னையில் பேசின் பாலத்திற்கு அருகே மூலக்கொத்தளம் என்னும் பகுதி இருக்கிறது. 1769-ஆம் ஆண்டில் ஹைதர் அலி சென்னையின் வாசல்வரை வந்து நின்று, ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இணங்க வைத்த வரலாற்றை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்தக் காலத்து அச்சங்களின் விளைவாக ஆங்கிலேயர் பட்டணத்தைச் சுற்றிப் பெரிய மதில் ஒன்றை எழுப்பினார்கள். அம்மதிலின் மூலையில் இருந்த கொத்தளத்தால்தான் இப்பகுதிக்கு இப்பெயர் வந்தது என்பர். பக்கத்திலுள்ள யானைகவுனி, வால்டாக்ஸ் சாலை என்னும் பெயர்களும் அந்த மதிலின் நினைவுகளே. மதில் போய்விட்டது. பழைய ஜெயில் சாலையில் மாடிப் பூங்காவாக அதன் ஒரு துண்டு மட்டும் எஞ்சி நிற்கிறது.

இப்பகுதியை ஒட்டிய ஒரு மஹல்லாவில் இமாமத் செய்துவரும் எனக்கு, மூலக்கொத்தளம் என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் நம் முன்னோர்களான பெரியோர்களின் உபதேசம் ஒன்று நினைவுக்கு வரும். ஒவ்வொரு முஸ்லிமும் இஸ்லாத்தின் காவல்நிலை ஒன்றில் நிறுத்தப்பட்டிருக்கிறான். அவன் நிற்கும் பக்கமாக எதிரி உள்ளே நுழைந்துவிடாமல் அவன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அந்த உபதேசத்தின் கருத்து. மதில் எவ்வளவு உயரமாக இருந்தால்தான் என்ன? உள்ளே இருப்பவன் ஒருவன் தாழைத் திறந்துவிட்டால் பட்டணத்தின் கதி என்ன ஆகும்?

நாம் நம்முடைய பாவங்களை எண்ணிப் பார்க்கிறோம். தொழுகை தவறியதை எண்ணுகிறோம். நாவு தவறியதை எண்ணுகிறோம். இரவில் தவ்பாச் செய்கிறோம். ஆனால் நாம் திறந்துவிட்ட கதவின் வழியாகப் பிறர் சென்று விழுந்த பாவங்களை என்றைக்காவது எண்ணியிருக்கிறோமா? அவை நம் கணக்கில் ஏறாது என்று யார் நமக்கு உறுதி கொடுத்தது?

இரட்டைச் சுமை

நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும்படி கட்டளையிட்ட அல்லாஹ், அதே ஆயத்தில், பாவத்திலும் வரம்பு மீறுவதிலும் உதவிக்கொள்ளாதீர்கள் என்றும் தடுத்துவிட்டான் (5:2). பாவம் செய்யாதே என்பது ஒரு கட்டளை. பாவத்துக்குத் துணை போகாதே என்பது இன்னொரு கட்டளை. முதலாவதை நிறைவேற்றியவன் இரண்டாவதிலிருந்து விடுபட்டுவிட மாட்டான்.

அறிவில்லாமல் மக்களை வழிகெடுத்தவர்கள் கியாமத் நாளில் தங்கள் சுமைகளை முழுமையாகச் சுமப்பதுடன், தாங்கள் வழிகெடுத்தவர்களின் சுமைகளிலிருந்தும் ஒரு பங்கைச் சுமப்பார்கள் என்று ஸூரத்துந் நஹ்லில் அல்லாஹ் எச்சரிக்கிறான் (16:25). உலகில் அநியாயமாகக் கொல்லப்படும் ஒவ்வோர் உயிருக்காகவும் ஆதம் (அலை) அவர்களின் அந்த முதல் மகனுக்கு ஒரு பங்கு பாவம் உண்டு, ஏனெனில் கொலையை முதன்முதலில் வழக்கமாக்கி வைத்தவன் அவனே என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. காபில் கொன்றது ஓர் உயிரை. அவன் ஏட்டில் ஏறியதோ கோடானுகோடி!

இங்கே உங்களில் சிலருக்கு ஒரு சந்தேகம் தோன்றலாம். "ஒருவன் சுமையை இன்னொருவன் சுமக்க மாட்டான் என்று அல்லாஹ் சொல்லவில்லையா? பிறகு அவன் செய்த பாவத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?" நியாயமான கேள்விதான். அந்த ஆயத்தும் சத்தியமே (17:15). ஆனால் இரண்டுக்கும் முரண்பாடு கிடையாது. பாவம் செய்தவனின் சுமை அவன் தலையிலேயே இருக்கும். அதிலிருந்து ஒரு குன்றிமணியும் குறையாது. வழிகாட்டியவன் சுமப்பது வழிகாட்டினான் என்கிற தன்னுடைய சொந்தச் செயலின் கூலியை! அவன் காட்டிய வழியில் எத்தனை பேர் நடந்தார்களோ, அந்த அளவுக்கு அவன் செயல் பெருத்துக்கொண்டே போகிறது; அவ்வளவுதான். விறகைக் கொளுத்திப் போட்டவன், "நான் ஒரு தீக்குச்சிதானே உரசினேன்" என்று சொன்னால் எரிந்த வீடுகளுக்குப் பதிலாகுமா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் வணிகத்தைப் பற்றி எழுதும் இடத்தில் கள்ள நாணயத்தை உதாரணமாகக் காட்டுகிறார்கள். ஒருவன் ஒரு கள்ளக் காசைத் தெரிந்தே கடையில் தள்ளிவிடுகிறான். அது கைக்குக் கை மாறுகிறது. அவன் மௌத்தாகிவிடுகிறான். காசு மௌத்தாகவில்லை! அது அழியும் காலம்வரை, நூறு வருஷமானாலும், அதனால் விளையும் கேடு அவன் கப்ரைத் தேடி வந்துகொண்டே இருக்கிறது. தான் இறக்கும்போது தன் பாவங்களும் தன்னோடு இறந்துபோகப் பெற்றவன் பாக்கியவான் என்பது இமாம் அவர்கள் நமக்குப் புகட்டும் பாடம்.

முதலில் அவிழ்ந்த பண முடிப்பு

ஒரு நாள் காலை மதீனாவுக்கு ஒரு கூட்டத்தார் வந்தார்கள். பெரும்பாலும் முளர் கோத்திரத்தார். காலில் செருப்பில்லை. கம்பளித் துணியில் கழுத்துக்கு ஓட்டை போட்டு மாட்டியிருந்தார்கள். அவர்களின் வறுமையைக் கண்ட மாத்திரத்தில் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் மாறிவிட்டது. உள்ளே சென்றார்கள், வெளியே வந்தார்கள். பிலால் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்லச் செய்து, தொழுகை நடத்தி, பிறகு மக்களுக்கு உபதேசித்தார்கள். தீனாரோ, திர்ஹமோ, துணியோ, கோதுமையோ, பேரீச்சம்பழமோ, ஏன், பேரீச்சம்பழத்தில் பாதியோ, இருப்பதைக் கொண்டு தர்மம் செய்யும்படி தூண்டினார்கள்.

அப்போது அன்ஸாரிகளில் ஒருவர் ஒரு பண முடிப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் கனத்தைத் தாங்க முடியாமல் அவர் கை தடுமாறியது. அவரைப் பார்த்து அடுத்தவர் வந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். உணவும் துணியுமாக இரண்டு குவியல்கள் எழுந்துவிட்டன. நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் பொன் பூசினாற்போல ஒளிர்ந்தது.

அந்த வேளையில்தான் அவர்கள் அந்த மகத்தான விதியை அருளினார்கள். ஒரு நல்ல வழக்கத்தைத் தொடங்கி வைத்தவருக்கு அதன் கூலியும், அவருக்குப் பின் அதைச் செய்வோர் அனைவரின் கூலிக்கு நிகரானதும் உண்டு. செய்தவர்களின் கூலியில் எதுவும் குறையாது. ஒரு கெட்ட வழக்கத்தைத் தொடங்கி வைத்தவனுக்கு அதன் பாவமும், பின்னால் அதைச் செய்வோரின் பாவமும் உண்டு. அவர்களின் பாவத்திலும் எதுவும் குறையாது. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அறிவித்த இந்த ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது.

கவனியுங்கள்! அந்த அன்ஸாரித் தோழர் எதையும் பேசவில்லை; யாரையும் அழைக்கவும் இல்லை. தூக்கிக்கொண்டு வந்தார், அவ்வளவுதான். கண்ட கண்கள் பின்தொடர்ந்தன. நன்மைக்கு இது போதுமென்றால், தீமைக்கும் இது போதும். "நான் யாரையும் கூப்பிடவில்லையே, என் பாட்டுக்குச் செய்தேன்" என்பது செல்லுபடியாகாத வாதம்.

தொடாத கையும் பொறுப்பேற்கும்

மது விஷயத்தில் மார்க்கம் இதை எவ்வளவு விரிவாகச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். மதுவின் சம்பந்தமாகப் பத்துப் பேரை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பிழிபவன், பிழியச் சொன்னவன், குடிப்பவன், சுமந்து செல்பவன், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவன், ஊற்றிக் கொடுப்பவன், விற்பவன், அதன் கிரயத்தைத் தின்பவன், வாங்குபவன், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவன் என்பதாகத் திர்மிதியிலும் இப்னு மாஜாவிலும் வருகிறது. இப்பத்துப் பேரில் குடிப்பவன் ஒருவன்தான்!

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கூலி வேலை செய்து பிழைத்த ஏழைகள் அவர்கள். சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. கண்ணையும் உயிரையும் பறிக்கும் விஷம் அது. குடித்தவன் குடித்தான், மாண்டான். அவன் கைக்கு அந்தப் பாக்கெட் வந்து சேர்வதற்கு முன் எத்தனை கைகள்! விஷத்தைக் கொடுத்த கை, ஏற்றி வந்த கை, கலந்த கை, கட்டிய கை, விற்ற கை, தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டவர்களின் கை. நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டிய வரிசை இதுவல்லவா?

"அது கள்ளச் சாராயம், உரிமம் பெற்ற கடை வேறு" என்று சொல்வோர் உண்டு. தமிழ்நாட்டில் 1983-இல் டாஸ்மாக் தொடங்கப்பட்டது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்தி வருகிறது. அரசாங்கத்தின் உரிமம் சட்டத்தின் தண்டனையிலிருந்து காக்கும். அல்லாஹ்வின் ஹுக்மை மாற்றாது. துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் நம் பகுதியில் மீன்பாடி வண்டி மிதிப்போர், சிறு லாரி ஓட்டுவோர், கட்டடத்தை வாடகைக்கு விடுவோர் நிறைய இருக்கிறார்கள். "ஹஜ்ரத், நான் சொட்டுக்கூடத் தொடமாட்டேன், பெட்டியை ஏற்றி இறக்குறதோடு சரி" என்று ஒரு வாலிபர் என்னிடம் சொன்னார். சுமந்து செல்பவன் என்ற சொல்லை அவருக்கு ஓதிக் காட்டினேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார். ஒரு வாரம் கழித்து வந்து, வேறு சவாரி பிடித்துக்கொண்டதாகவும், வருமானம் குறைந்துவிட்டதாகவும் சொன்னார். அந்தக் குறைந்த வருமானத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!

வட்டியிலும் இப்படித்தான். வட்டியைத் தின்பவன், கொடுப்பவன், அதை எழுதுபவன், சாட்சியாக நிற்கும் இருவர் என அனைவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்து, அவர்கள் யாவரும் சமம் என்றும் கூறியதாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. எழுதுகோல் பிடித்தவனுக்கு அதில் ஒரு காசும் கிடைப்பதில்லை. ஆயினும் அவனும் அந்த வரிசையில் நிற்கிறான்.

ஆகுமானதும் ஃபித்னாவாகும்

இதுவரை சொன்னவை ஹராமுக்குத் துணை போவது. ஆகுமானதைச் செய்தே பிறரைப் பாவத்தில் தள்ளுவதும் உண்டு. நாம் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

முஆத் (ரலி) அவர்கள் தம் கூட்டத்தாருக்கு இஷாத் தொழுகை நடத்தினார்கள். ஸூரத்துல் பகராவை ஓத ஆரம்பித்துவிட்டார்கள். நாளெல்லாம் தண்ணீர் இறைத்துவிட்டு, இரண்டு ஒட்டகங்களுடன் வந்து சேர்ந்த ஒரு தொழிலாளித் தோழர், நிற்க இயலாமல் ஜமாஅத்திலிருந்து விலகித் தனியாகத் தொழுதுவிட்டுப் போய்விட்டார். அவரை முனாஃபிக் என்று முஆத் (ரலி) அவர்கள் சொன்னதாகச் செய்தி பரவியது. அவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் முஆத் (ரலி) அவர்களை நோக்கி, நீர் குழப்பத்தில் தள்ளுபவரா என்று மூன்று முறை கேட்டார்கள். சிறிய ஸூராக்களை ஓதும்படியும், பின்னால் முதியவரும் பலவீனரும் தேவையுள்ளவரும் நிற்பதை நினைக்கும்படியும் உபதேசித்தார்கள் (புகாரி, முஸ்லிம்).

முஆத் (ரலி) அவர்கள் செய்தது என்ன? குர்ஆன் ஓதினார்கள்! அதைவிட மேலான அமல் எது? ஆயினும் பின்னால் நிற்பவனின் களைப்பைப் பார்க்காமல் செய்தபோது, அந்த அமலே ஒரு முஃமினை ஜமாஅத்திலிருந்து வெளியே தள்ளும் காரணமாயிற்று.

நாயகம் (ஸல்) அவர்கள் தாங்களும் இப்படியே நடந்து காட்டினார்கள். கஃபாவை இப்ராஹீம் (அலை) அவர்களின் அஸ்திவாரத்தின்மீது திரும்பக் கட்ட அவர்களுக்கு விருப்பம் இருந்தது. குறைஷிகள் குஃப்ரிலிருந்து அண்மையில்தான் வந்தவர்கள். அவர்கள் உள்ளம் ஏற்காது என்பதற்காக அதை விட்டுவிட்டதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் தெரிவித்தார்கள். பலவீனமான ஈமானுடையவர்கள் இடறக் கூடாது என்பதற்காகக் கஃபாவின் கட்டுமானத்தையே விட்டுக்கொடுத்தார்கள் என்றால், நாம் விட்டுக்கொடுக்க முடியாதது என்ன இருக்கிறது? ராயபுரத்திலும் காசிமேட்டிலும் நம் அண்டை வீட்டாராக வாழும் கிறிஸ்தவர்களின் வேதத்திலும், சிறியவர் ஒருவருக்கு இடறல் உண்டாக்குவோருக்குக் கடுமையான எச்சரிக்கை இருக்கிறது. அவர்கள் இடறல் என்பதை நாம் ஃபித்னா என்கிறோம். காஃபிர்களுக்கு எங்களை ஃபித்னாவாக ஆக்கிவிடாதே என்று இப்ராஹீம் (அலை) அவர்கள் கேட்ட துஆவைத் திருமறை நமக்குக் கற்றுத் தருகிறது (60:5). நம் கடையின் தராசைப் பார்த்து ஒருவர் நம் தீனையே வெறுத்துவிட்டால், அந்த வெறுப்புக்கு விதை போட்டது யார்?

என் துஆவும் ஒரு தகப்பனின் தண்டலும்

இனி நான் எழுதப்போவது பிறரைப் பற்றியதல்ல. வெட்கத்தோடு எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மஹல்லாவில் வசதியான ஒரு குடும்பத்துத் திருமணம். மணமகன் வீட்டார் நல்ல மனிதர்கள். பள்ளிவாசலுக்கு வாரி வழங்குகிறவர்கள். மஹர் மிகச் சொற்பமாக அறிவிக்கப்பட்டது. பெண் வீட்டிலிருந்து வந்ததோ, பவுன் கணக்கில் நகை, வண்டி, ரொக்கம். கைக்கூலி என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. "நாங்கள் கேட்கவில்லை ஹஜ்ரத், அவர்களாகவே பிரியப்பட்டுச் செய்கிறார்கள்" என்றார்கள். நான் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நிகாஹ் குத்பா ஓதினேன். தஃப்தரில் கையெழுத்துப் போட்டேன். கையேந்தி துஆச் செய்தேன். தேக்சா திறந்ததும் உட்கார்ந்து சாப்பிட்டேன். சீர்வரிசையை எல்லோரும் பார்க்கும்படி மண்டபத்தில் பரப்பி வைத்திருந்தார்கள். வாலிபர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஓராண்டு கழிந்தது. முதல் ஸஃப்பில் தவறாமல் நிற்கும் மீன்பாடி வண்டித் தொழிலாளி ஒருவரைப் பள்ளியில் காணவில்லை. ஃபஜ்ருக்கு இல்லை, மஃரிபுக்கு இல்லை, ஜும்ஆவுக்குக்கூடக் கடைசியில் வந்து, ஸலாம் கொடுத்தவுடன் மறைந்துவிடுகிறார். உடம்புக்கு என்னவோ என்று அவர் வீட்டுக்குப் போனேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மகளுக்குக் கல்யாணம் முடித்திருந்தார். தண்டல் வாங்கியிருந்தார். தண்டல்காரர் பள்ளிவாசல் தெருமுனையில் நின்று வசூல் செய்வதால், அந்தப் பக்கம் வரவே அவருக்குக் கூச்சம்.

தண்டல் என்றால் என்னவென்று அறியாத வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அவர் கேட்டது 50,000 ரூபாய். முதலிலேயே 7,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 42,500 ரூபாயைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் வீதம் 100 நாளில் 50,000 ரூபாயையும் கட்டி முடிக்க வேண்டும். மழை பெய்து வண்டி ஓடாத நாளிலும் தண்டல் நிற்காது. ஒரு தண்டலை அடைக்க இன்னொரு தண்டல் வாங்கியிருந்தார். அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. இவர் வாசலில் நிற்பவரோ தண்டல்காரர்.

"பாய், வட்டி ஹராம் என்று தெரியாதா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். ஓர் ஆலிமுக்குரிய அதட்டலோடுதான் கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. தாழ்ந்த குரலில் சொன்னார்: "தெரியும் ஹஜ்ரத். சின்ன வயசிலேயே மதரஸாவில ஓதினதுதான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, அந்தப் பெரிய வீட்டுக் கல்யாணத்தைக் காட்டி, அதுல பாதியாவது செய்யுங்கன்னாங்க. அது தப்புன்னு எனக்கு எப்படித் தோணும்? நீங்கதானே அங்க உட்கார்ந்து துஆ ஓதினீங்க?"

சகோதரர்களே! ஏழாண்டுகள் அரபி மதரஸாவில் ஓதிப் பெற்ற ஸனது அன்று எனக்கு உதவவில்லை. அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.

வட்டிக்கு வாங்கியது அவர் செய்த பாவம்தான். அவரும் அதை மறுக்கவில்லை. ஆனால் அவரை அந்தத் தெருமுனைவரை கைப்பிடித்து அழைத்துச் சென்றவர்கள் யார் யார்? கேட்காமலே வாங்கிக்கொண்ட அந்தச் செல்வர். பரப்பி வைத்த சீரைப் படமெடுத்துப் பரப்பியவர்கள். அதைக் காட்டிக் கேட்ட மாப்பிள்ளை வீட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் தலைமாட்டில் உட்கார்ந்து ஆமீன் சொல்ல வைத்த நான்! என் மௌனத்தை அந்த ஏழை ஃபத்வாவாக எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

சேற்றில் நடந்த சிறுவன் ஒருவனைப் பார்த்து, வழுக்கிவிடப் போகிறாய் என்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் எச்சரித்ததாகவும், நான் வழுக்கினால் நான் மட்டும் விழுவேன், நீங்கள் வழுக்கினால் உலகமே விழுமே என்று அச்சிறுவன் பதில் சொன்னதாகவும் ஒரு சம்பவம் சொல்வார்கள். பயானில் பலமுறை நானும் அதைச் சொல்லிக் கேட்போரை ரசிக்க வைத்திருக்கிறேன். அது எனக்கே சொல்லப்பட்டது என்று அன்றுதான் விளங்கியது.

திறந்த கதவை அடைப்பது எப்படி?

தனக்குள் செய்த பாவத்துக்குத் தனக்குள் அழுது தவ்பாச் செய்யலாம். பிறரை விழ வைத்த பாவத்துக்கு அது போதாது. சத்தியத்தை மறைத்தோரைப் பற்றிச் சொல்லும் இடத்தில், தவ்பாச் செய்து, சீர்திருத்தி, தெளிவுபடுத்தியவர்களை மன்னிப்பதாக அல்லாஹ் கூறுகிறான் (2:160). மூன்று நிபந்தனைகள்! வருந்த வேண்டும், கெடுத்ததைச் செப்பனிட வேண்டும், மறைத்ததை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

அடுத்த ஜும்ஆவில் மிம்பரில் நின்று, யாருடைய பெயரையும் குறிப்பிடாமல், இப்படிப்பட்ட ஒரு திருமணத்தில் நான் உட்கார்ந்தது தவறு, அதை யாரும் ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்று சொன்னேன். கைக்கூலி கைமாறும் நிகாஹுக்கு இனி நான் வரமாட்டேன் என்றும் அறிவித்தேன். அந்தச் செல்வருக்கு வருத்தம்தான். "எங்கள் வீட்டுக் கல்யாணத்தைச் சபைக்கு இழுத்துவிட்டீர்களே" என்றார். அதன்பின் இரண்டு வீட்டார் நிகாஹ் ஓத வேறு ஹஜ்ரத்தை அழைத்துக்கொண்டார்கள். இதெல்லாம் நடக்கும் என்று தெரிந்துதான் முன்பு மௌனமாக இருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தொழிலாளியின் எஞ்சிய தண்டலை அடைக்க, திருப்பித் தரும் நாளைக் கேட்காத கர்ழன் ஹஸனாவாக ஜமாஅத்தார் சிலர் பணம் சேர்த்தார்கள். முதல் முடிப்பை அவிழ்த்தவர் யார் என்பதை அவர் விருப்பப்படி நான் வெளியிடவில்லை. அவரைப் பார்த்து அடுத்தவர் வந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர் வந்தார். ஜரீர் (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸை மிஷ்காத்தில் ஓதியிருக்கிறேன். அன்று கண்ணால் கண்டேன். தொழிலாளி மறுபடியும் முதல் ஸஃப்பில் நிற்கிறார். அந்தச் செல்வருக்கு இன்னும் ஒரு மகன் திருமணத்துக்கு இருக்கிறார். அவருக்காக நான் துஆச் செய்துகொண்டிருக்கிறேன்.

சகோதரர்களே! இன்றிரவு படுக்கப் போகுமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். பீடி வாங்கி வரும்படி நீங்கள் கடைக்கு அனுப்பும் மகன், நாளை அதை யாருக்காக வாங்குவான்? கடன்காரர் வந்தால், "அத்தா வீட்டில் இல்லை என்று சொல்லு" என்று நீங்கள் சொல்லிக் கொடுத்த பிள்ளை, பொய்யை யாரிடம் கற்றது? அடுத்த வீட்டாரைப் பற்றி நீங்கள் சொன்ன ஒரு சொல் எத்தனை வாய் ஏறி இறங்கியிருக்கிறது? பிறர் வணங்குபவற்றை ஏசாதீர்கள், அவர்கள் அறியாமல் வரம்பு மீறி அல்லாஹ்வை ஏசிவிடுவார்கள் என்று நம் ரப்பு நம்மைத் தடுத்திருக்க (6:108), தெருவில் நாம் வீசிய ஏச்சு யாருடைய நாவைக் கெடுத்தது? செல்வந்தர்களே, நீங்கள் ஆகும் என்று செய்யும் ஆடம்பரம் எந்த ஏழைத் தகப்பனைத் தண்டல்காரரின் வாசலுக்கு அனுப்புகிறது? ஆலிம் பெருமக்களே, நம் மௌனத்தை ஜனங்கள் எப்படி மொழிபெயர்க்கிறார்கள்?

சிலவற்றை விடுவதால் நம் தன்மானத்துக்குச் சற்றுக் குறைவு நேரலாம், வருமானம் குறையலாம், உறவினர் முகம் கோணலாம். ஆனால் நாம் விட்டுக்கொடுத்த ஒன்றால் ஒரு சகோதரன் விழாமல் தப்பினால், அவன் நிமிர்ந்து நடக்கும் ஒவ்வொரு நாளும் நம் ஏட்டில் நன்மையாக ஏறும் என்று நம்புவோமாக.

மூலக்கொத்தளத்து மதில் இன்று இல்லை. நம்மை நிறுத்தி வைத்த காவல்நிலை இன்னும் இருக்கிறது. கடையில் நிற்பவருக்கு அவர் கடை, தகப்பனுக்கு அவர் வீடு, எனக்கு என் மிம்பர். நம் பக்கமாக எதிரி நுழையாமல் பார்த்துக்கொள்வோமாக!

யா அல்லாஹ்! நாங்கள் அறிந்து செய்த பாவங்களையும், எங்களால் பிறர் செய்த பாவங்களையும் மன்னிப்பாயாக! எங்களைக் கண்டு யாரும் இடறிவிடாமல், எங்களைக் கண்டு பலர் நேர்வழி நடக்கும்படி எங்களை ஆக்குவாயாக! நாங்கள் மௌத்தாகும்போது எங்கள் பாவங்களும் எங்களோடு மௌத்தாகும்படி செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.